ஐந்தாம் நாள் பொங்கல்

மலையடிவாரத்து மடத்துக்குச் சமையல் ஆள் தேவைப்பட்டது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குரு தன் சீடன் கதிரேசனிடம் விட்டார். அவ்வளவுதான், அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உப்புக்கு இத்தனை மதிப்பெண், பதத்துக்கு இத்தனை என்று தாளில் கட்டம் போட்டுக்கொண்டான்.

நாளுக்கு ஒருவர் வந்து, அன்றைக்குச் சாமிக்கு வைக்கும் பொங்கலைச் செய்ய வேண்டும். படைப்பதற்கு முன் சமைத்தவர்கூட அதை வாயில் வைக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். தேர்வு வைப்பவனுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று கதிரேசன் தானே முடிவுகட்டிக்கொண்டான்.

நான்கு நாளில் நான்கு பேர் வந்து சமைத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் பொன்னுத்தாய் வந்தாள். அவள் பானையை இறக்கி வைத்ததும் கதிரேசன் கரண்டியோடு போய் நின்றான். அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"படைச்ச பிறகு சாப்பிடுங்கய்யா."

"இது தேர்வு அம்மா. ருசி பார்க்காம எப்படி மதிப்பெண் போடுறது?"

"தேர்வு உங்களுக்கு. பொங்கல் சாமிக்கு."

"அப்படின்னா வேலை கிடையாது."

"முன்னால இருந்த மடத்துலயும் இதையேதான் சொன்னாங்க. வேலை போச்சு. ரெண்டு பிள்ளைங்களை வாசல்ல உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். இதை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் திறக்க மாட்டேன்."

கதிரேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளோடு குருவிடம் ஓடினான்.

"திமிர் பிடிச்சவ சுவாமி! மத்த நாலு பேருக்கும் எவ்வளவு பணிவு! கேட்டதும் திறந்து காட்டினாங்க."

"நீ ருசி பார்த்தியா?"

"நாளுக்கு ஒரு கரண்டி சுவாமி."

குரு எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். பானையைத் திறக்கச் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த, அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறையின் சாவியை எடுத்துப் பொன்னுத்தாயிடம் நீட்டினார்.

"பிள்ளைங்களை உள்ளே கூட்டிட்டு வாம்மா. பூசைக்கு நேரமாச்சு."

அதுவரை அசையாமல் நின்றவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கதிரேசனுக்குப் பொறுக்கவில்லை. "சுவாமி, ஒருவேளை அந்தப் பொங்கல்ல உப்பே இல்லேன்னா?"

"இல்லேன்னா நாளைக்குப் போடச் சொல்லலாம்" என்றார் குரு. "நாலு நாளா சாமிக்கு உன் எச்சிலைப் படைச்சிருக்கோம். அதுக்கு என்ன செய்யலாம், நீ சொல்லு."