ஆடாத கட்டில்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு எதுத்தாப்ல, மாடியில ஒரு ஆசிரமம் இருந்துச்சு. வெளிய போர்டுல ‘ஜெராக்ஸ், லேமினேஷன், டிக்கெட், ரூம் புக்கிங்’னு போட்டிருக்கும்.

குரு பேரு ஷம்ஷாத். வயசு இருபத்தாறு. பாலிடெக்னிக்க ரெண்டாவது வருஷத்துல விட்டவ. விட்டதுல அவளுக்கும் வருத்தம் இல்ல, பாலிடெக்னிக்குக்கும் வருத்தம் இல்ல.

சீடருங்க எல்லாம் அவளவிட மூத்தவங்க. மெட்ராஸ், பெங்களூர்னு சோலியா போறவங்க. பெரிய ஹோட்டல் ரூமை நம்ம வெலைக்கு ஏலம் கேக்குற சைட்டு இருக்குல்ல, அதுல கம்மியா புடிக்கிறது எப்படின்னு கத்துக்க வருவாங்க.

ஒரு திங்கக்கெழம காலைல ஐகோர்ட்துரை வந்தாரு. வாழைத்தார் யாவாரி. அம்பத்தாறு வயசு. பேருக்கேத்த மாதிரி, யாரு என்ன முடிவு சொன்னாலும் லேசுல ஒத்துக்கிட மாட்டாரு. கையில ஒரு சீப்பு பழம் இருந்துச்சு. காணிக்கை.

“எம்மா, மெட்ராஸ்ல ஒரு ரூம் வேணும். வார ஞாயித்துக்கெழம. ஒரே ஒரு நாளு.”

“என்ன விசேஷம் அண்ணாச்சி?”

“எம் மக செல்வி கப்பல்ல இன்ஜினியர்லா. அவளப் பாத்து ஆறு மாசமாச்சு. ஞாயித்துக்கெழம கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துல நிக்குதாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எறங்கலாம். மறுநா காலைல பத்து மணிக்கு ஏறிரணும். விட்டா இன்னும் நாலு மாசம்.”

“ரூம் எப்படி வேணுமாம் அவளுக்கு?”

“ஆடாத கட்டில் ஒண்ணு போதும்ப்பான்னா.”

“அப்ப நேரா புக் பண்ணிருவோமா? துறைமுகத்துக்குப் பக்கத்துல நல்ல ரூம் ஏழாயிரம் ஆகும்.”

“முப்பது வருஷமா ஏலத்துல நிக்கவன்ட்ட சொல்லுத வெலையா எம்மா இது? அந்த ஏலத்தச் சொல்லிக்குடு.”

குரு சொல்லிக்குடுத்தா. எந்த ஏரியான்னு சொல்லணும். எத்தன ஸ்டாருன்னு சொல்லணும். நம்ம வெலையச் சொல்லணும். ரூம் காலியா கெடக்குற ஹோட்டல் எதாவது சரின்னுச்சுன்னா அந்த நிமிஷமே கார்டுல காசு போயிரும். அதுக்கப்பறம்தான் ஹோட்டல் பேரே தெரியும். மாத்த முடியாது, திருப்பிக் கேக்க முடியாது. ஒருத்தரும் சரின்னு சொல்லலைன்னா, அடுத்த தடவ கேக்கது மறுநாதான்.

ஐகோர்ட்துரை தாடையத் தடவினாரு.

“மண்டியில தாரத் தட்டிப் பாப்பேன். எதிராளி கண்ணப் பாப்பேன். இங்க எதப் பாக்க?”

“தாரு சாக்குக்குள்ள இருக்கு அண்ணாச்சி. எதிராளி கதவுக்குப் பின்னால இருக்கான்.”

“அப்ப நான் கேக்க வெல சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?”

குரு சீப்புலேந்து ஒரு பழத்தப் பிச்சா.

“இது எவ்வளவு?”

“ஒனக்குப் போயி வெலையா?”

“சும்மா சொல்லுங்க.”

“சரி, எட்டு ரூவா.”

குரு டிராயரத் தொறந்து எட்டு ரூவாய எடுத்து வச்சா. பேரமே பேசல.

ஐகோர்ட்துரை காசப் பாத்தாரு. பழத்தப் பாத்தாரு. காணிக்கையா கொண்டு வந்த பழம்ங்கிறதே மறந்துபோச்சு.

“பத்துன்னு சொல்லியிருக்கலாமோ?”

குரு பழத்தத் தின்னு முடிச்சா.

“பழம் நல்லாருக்கு அண்ணாச்சி”ன்னா.

அன்னிக்கு ஐகோர்ட்துரை ஆயிரத்து ஐநூறு கேட்டாரு. ஒருத்தனும் சரின்னு சொல்லல. செவ்வாக்கெழம ஆயிரத்து ஐநூத்தம்பது. இல்ல. புதங்கெழம ஆயிரத்து அறுநூறு. அதுவும் இல்ல.

“அம்பது அம்பதா ஏறினா நீங்க மெட்ராஸ் போய்ச் சேரதுக்குள்ள செல்வி சிங்கப்பூர் போயிருவா அண்ணாச்சி.”

“நீ சின்னப் பிள்ள. ரூமும் பழமும் ஒண்ணுதான். ஞாயித்துக்கெழமைக்கு உள்ளத ஞாயித்துக்கெழம விக்கலைன்னா அழுகிரும். அவன் எறங்கி வருவான் பாரு.”

“அவன்ட்ட எரநூறு பழம் இருக்கு. ஒங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்கு.”

“வருவான்ங்கேன்.”

வியாழக்கெழம மத்தியானம் ஐகோர்ட்துரை அல்வாப் பொட்டலத்தோட படி ஏறி வந்தாரு.

“முடிச்சுட்டேன். நாலு ஸ்டாரு. ஆயிரத்து எழுநூறு. வாயத் தொற.”

குரு அல்வாவ வாங்கல. “இன்னிக்குக் காலைல கேட்டதுக்குத்தான வேணாம்னான். ஒரு நாளைக்கு ஒரு தடவதான கேக்க முடியும்?”

“அங்கதான் சூட்சுமம் இருக்கு. ஏரியா ஒண்ணக் கூடச் சேத்தா, அன்னிக்கே இன்னொரு தடவ கேக்கலாமாம். நம்ம சீடருங்க வாட்ஸாப் குரூப்புல ஒருத்தர் சொன்னாரு. நாலு ஸ்டாரே இல்லாத ஏரியாவா பாத்து சேக்கணும். அங்கதான் ஹோட்டலே இல்லையே, அப்ப கெடச்சா துறைமுகத்துப் பக்கம்தான கெடைக்கும்? எப்படி?”

“எந்த ஏரியாவச் சேத்தீங்க?”

“ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒண்ணு. கம்பெனியும் பொட்டலும்தான் கெடக்கும்.”

குரு அவரு போன வாங்கிப் பாத்தா.

“பொட்டல்ல போன மாசம் ஒண்ணு தொறந்திருக்கான் அண்ணாச்சி.”

ஐகோர்ட்துரை கண்ணாடியப் போட்டாரு. ஹோட்டல் பேரப் படிச்சாரு. படத்துல நீச்சல் கொளம் நல்லாருந்துச்சு. சுத்தி ஒண்ணும் இல்ல.

“துறைமுகத்துலேந்து எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி நேரம்.”

“திருப்ப முடியாதோ?”

“முடியாது. கப்பலை அங்க கொண்டு வருவாங்களான்னு கேட்டுப் பாருங்க.”

வெள்ளிக்கெழம காலைல கடை தொறக்கையிலயே ஐகோர்ட்துரை நின்னாரு. கூட அவரு சம்சாரம் ஜெயக்கொடியும் வந்திருந்தா. வீட்ல என்ன நடந்துச்சுன்னு யாரும் சொல்லல. அவரு நின்ன தினுசுலயே தெரிஞ்சுது.

“போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்”னா ஜெயக்கொடி. “எம் பிள்ள காருக்குள்ளயா தூங்கணும்? காரும்லா ஆடுது?”

“அதான் இன்னிக்கு சரி பண்ணிருவோம்னு சொல்லுதேன்லா”ன்னாரு ஐகோர்ட்துரை. “எம்மா, ஆயிரத்து எழுநூத்தம்பது போடு. நேத்து ஒருத்தன் எறங்கியிருக்கான், இன்னிக்கு இன்னொருத்தன் எறங்குவான்.”

“எந்திரிங்க”ன்னா ஜெயக்கொடி.

அவரு எந்திரிச்சாரு. அவ உக்காந்தா. கீபோர்டப் பாத்தா, குருவப் பாத்தா.

“தாயி, நான் என்ன வெல போடணும்?”

“நீங்க கேட்ட ஒடனே அவன் சரின்னு சொல்லிட்டாலும் ஒங்களுக்கு வயிறு எரியக்கூடாது. அந்த வெலையப் போடுங்க அக்கா.”

ஜெயக்கொடி ரொம்ப யோசிக்கல. ஒரு வெரல வச்சே நாலாயிரம்னு அடிச்சா. ஐகோர்ட்துரை நெஞ்சப் புடிச்சாரு. அவ பட்டன அமுக்கினா.

ஸ்கிரீன்ல வட்டம் ஒரு சுத்துகூட முழுசா சுத்தல. சரின்னு வந்துருச்சு. துறைமுகத்துக்குப் பத்து நிமிஷம்.

“பாத்தியா, பாத்தியா”ன்னாரு ஐகோர்ட்துரை. “வாயில ஈ போறதுக்குள்ள ஒத்துக்கிட்டான். மூவாயிரத்துக்கே குடுத்திருப்பான்.”

ஜெயக்கொடி காதுல அது விழல.

“கட்டில் ஆடாதுல்லா தாயி?”

“நாலு ஸ்டாரு அக்கா. ஆடுனா நான் வந்து புடிச்சுக்கிடுதேன்.”

திங்கக்கெழம காலைல குரு ஷட்டரத் தூக்கிக்கிட்டிருந்தா. போன் அடிச்சுது. ஐகோர்ட்துரை. பின்னால தட்டு, கரண்டி சத்தம்.

“எம்மா, ஒரு விஷயம் கேளு. டிபனுக்குக் கீழ வந்தேன். இங்க மதுரக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவரும் ஏலத்துலதான் எடுத்திருக்காரு. இதே மாடி. இதே மாதிரி ரூம். எவ்வளவுக்குத் தெரியுமா?”

“சொல்லுங்க.”

“ரெண்டாயிரத்து எண்ணூறு.”

“சரி.”

“இன்னொருத்தர் ஒம்பதாயிரம் குடுத்திருக்காரு. அவரப் பாத்தா கொஞ்சம் ஆறுதலா இருக்கு. ஆனா இந்த மதுரக்காரர் இருக்காரே, அவரத்தான் தாங்க முடியல. எத்தன மணிக்குக் கேக்கணும், எந்தக் கெழம கேக்கணும்னு எல்லாம் வச்சிருக்காரு. அர மணி நேரமா கேட்டுக்கிட்டிருக்கேன். நீ இதெல்லாம் சொல்லவே இல்லையே.”

“அவரு யாரோட வந்திருக்காரு?”

“ஒத்தையாத்தான். ஏதோ மீட்டிங்காம்.”

“செல்வி எங்க அண்ணாச்சி?”

“மேல தூங்குதா. எறங்கி வந்ததுலேந்து அம்மைக்கும் மகளுக்கும் ஒரே பேச்சு. பேசிக்கிட்டே கண்ண மூடிட்டா. இன்னும் பெறளக்கூட இல்ல.”

“அக்கா?”

“அவ கட்டில் பக்கத்துல நாக்காலியப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா. காப்பிக்கு வாடின்னேன். வரமாட்டேன்னுட்டா.”

“மணி என்ன?”

“ஏழே முக்கா.”

“எத்தன மணிக்கு அவ கப்பல் ஏறணும்?”

“பத்துக்கு.”

“பெறவு நீங்க ஏன் அண்ணாச்சி கீழ நிக்கீங்க?”