வேலிக்கு வெளியே நின்ற லென்ஸ்

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு மரிய புஷ்பம், கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பறவைகளை எடுப்பார். சீடர் தங்கப்பழம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கும் கத்துக்கொடு தாயி" என்று அவராகவே தேடி வந்து சேர்ந்தவர்.

ஊருக்கு மேற்கே ஒரு கல்குவாரி. அதன் பாறைச் சரிவில் ஒரு கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. அந்தப் பாறைக்கும் வெடி வைக்கக் குவாரிக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். புஷ்பம் அதை எதிர்த்து, அனுமதி கொடுக்கும் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்.

"அங்கே ஆந்தையே கிடையாது" என்றார்கள் குவாரிக்காரர்கள்.

"குஞ்சு இருப்பது தெரிகிற மாதிரி நாளைக்கு ஒரு படம் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அனுமதி கொடுத்துவிடுவேன்" என்றார் அதிகாரி.

அன்று மதியமே இருவரும் வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் ஸ்டாண்டை ஊன்றினார்கள். ஜூம் லென்ஸை முழுக்க நீட்டியும் ஆந்தை மிளகு அளவுதான் தெரிந்தது. தங்கப்பழம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே டெலி கன்வெர்ட்டரை மாட்டினார். சின்னக் குழாய்தான், ஆனால் உருவத்தை இரண்டு மடங்காக்கும். மிளகு சுண்டைக்காய் ஆனது. கூடவே படம் இருட்டிக்கொண்டது. பாறை விளிம்பெல்லாம் நெளிந்தது.

"என்ன தாயி, பெரிசாக்கச் சொன்னா இருட்டாக்குது?"

"பெரிசாக்குறதுக்கு அது வெளிச்சத்தைத் தின்னும் அண்ணாச்சி. மதியத்துக்கு மேல அந்தப் பாறை நிழல்ல கிடக்கு. போதாததுக்குச் சூடு வேற. தோசைக்கல்லுக்கு மேல பார்த்தா எதுதான் நேரா தெரியும்?"

"அப்போ இந்தக் குழாய் எதுக்கு?"

புஷ்பம் நிழல் விழுந்த பாறையையும் கிழக்கு வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

குவாரி மேனேஜர் மாசானம் பைக்கில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, டிக்கெட் கிழிச்ச கைக்குக் கேமரா படியுதா? ஆந்தைக்குக் கல்யாண ஆல்பம் போடப் போறியளோ?"

"முதல் பக்கத்துல உம்ம போட்டோதான்வே" என்றார் தங்கப்பழம்.

மாசானம் சிரித்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வேலிக் கதவின் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளினார்.

"வெயில்ல எதுக்கு இந்தப் பாடு? உள்ள வாங்க. பாறைக்குக் கீழ நின்னு ஆசை தீர எடுத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தங்கப்பழம் பையைத் தோளில் மாட்டிவிட்டார். புஷ்பம் எழுந்து போனார். கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார். கொண்டியையும் போட்டார்.

"ஏன் தாயி? நல்லாத்தான சொல்லுதாரு! கிட்ட போனா பளிச்சுன்னு வரும்லா?"

"கிட்ட போனா தாய் பறந்துரும். காக்கா எல்லாம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. குஞ்சைத் தூக்கிட்டுப் போயிரும். அங்க ஆந்தையே இல்லைன்னு இவங்க சொன்னது அப்போ உண்மையாயிரும்."

மாசானத்தின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"எப்படி எடுக்கிறியள்னு பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகாலையில் வந்தபோது, அவர்கள் நின்ற இடத்தில் ஒரு டிப்பர் லாரி குறுக்கே நின்றது. பாறையே தெரியவில்லை. டிரைவர் இல்லை. லாரியின் பக்கத்தில் நாற்காலி போட்டு மாசானம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி பிரேக் டவுனுங்க" என்றார்.

தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டினார். புஷ்பம் ஸ்டாண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி நடந்தார். பின்னால் இருந்த குளத்தங்கரை உயரமானது. அதன் மேலே நின்று பார்த்தால், லாரியின் தலைக்கு மேலே பாறை தெரிந்தது.

"இன்னும் பின்னாலயா?" சீடருக்கு மூச்சு வாங்கியது. "நேத்தே மிளகு. இங்கிருந்து கடுகுதான்."

"அவங்க தள்ளத் தள்ள நாம பின்னால போவோம். பாக்குறதை மட்டும் விட மாட்டோம். மாட்டுங்க கன்வெர்ட்டரை."

கிழக்கே சூரியன் ஏறியது. வெளிச்சம் நேராகப் பாறையின் முகத்தில் விழுந்தது. கல் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது, எதுவும் நெளியவில்லை. கன்வெர்ட்டர் தின்றது போகவும் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"தானா ஃபோகஸ் பிடிக்கிறதை அணைச்சிருங்க. இவ்வளவு தூரத்துக்கு அது தடுமாறும். கையால திருப்புங்க."

தங்கப்பழம் திருப்பினார். திரையில் பாறை துள்ளிக் குதித்தது.

"ஆடுது தாயி."

"ஆடுறது உங்க கை. ஆந்தையை ரெண்டு மடங்கு ஆக்குறது, உங்க நடுக்கத்தையும்தான் ரெண்டு மடங்கு ஆக்கும்."

"அந்த மாசானத்தை நினைச்சாலே உடம்பெல்லாம் பதறுது. கோபத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டச் சொல்லுத?"

"கொட்ட வேண்டாம் அண்ணாச்சி. அது இருக்கட்டும், இன்னும் வேலை இருக்கு. கைக்கு மட்டும் வர விடாதீங்க."

சீடர் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். குரு மனதுக்குள் ஜெபித்துக்கொண்டார். பிறகு ஷட்டர் விழுந்தது. இன்னொரு முறை விழுந்தது.

திரையில், பாறை நிறத்திலேயே ஒரு பெரிய ஆந்தை. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு வெள்ளைக் குஞ்சுகள். தாயின் கண் கேமராவைப் பார்க்கவில்லை. அது வானத்தில் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாசானம் கரையேறி ஓடி வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன படம்? புள்ளி புள்ளியா, பஞ்சை வச்சுத் தேய்ச்ச மாதிரி! இதைக் காட்டினா ஆபீஸ்ல சிரிப்பாங்க."

தங்கப்பழத்தின் முகம் சுருங்கியது. படத்தை மறுபடியும் பார்த்தார்.

"மங்கலாத்தான் இருக்கு தாயி. பளிச்சுன்னு இல்லையே. அதிகாரி என்ன சொல்லுவாரோ?"

புஷ்பம் ஸ்டாண்டை மடக்கினார். மாசானத்தைப் பார்த்துக்கொண்டே சீடருக்குப் பதில் சொன்னார்.

"மங்கலா இருக்குன்னு சொல்லலாம் அண்ணாச்சி. இனிமே இல்லைன்னு சொல்ல முடியாது."