அழுங்கு காட்டாத சீட்டு

அந்தக் காலத்தில், மிருகங்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அழுங்குக்குச் செதில் கிடையாது. நம்புங்கள். இன்றைக்கு உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோல இருக்கிறதே, எறும்புதின்னி என்கிறார்களே, அதே அழுங்குதான். அப்போது அவள் மேனி தோலுரித்த சேப்பங்கிழங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். யார் வேண்டுமானாலும் கடிக்கலாம். முதல் பிள்ளையை அப்படித்தான் பறிகொடுத்தாள். இப்போது இருப்பது ஒரே ஒரு குட்டி. அது அவள் வயிற்றை விட்டு இறங்காது.

அந்த மலையில் இரண்டு ஆட்டம் உண்டு. குரங்குகள் காய்ந்த பலா இலையில் புள்ளி கீறிச் சீட்டு ஆடும். ஒரே மாதிரி இலைகளைச் சேர்த்து எல்லாரும் பார்க்கத் தரையில் பரப்பினால் வெற்றி. அணில்கள் ஆடுவது ஒத்தையா இரட்டையா. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு, "சொல்லு பார்ப்போம்" என்று ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். குரங்குக்கு அணிலின் ஆட்டம் சின்னப்பிள்ளை விளையாட்டு. அணிலுக்குக் குரங்கின் ஆட்டம் வெட்டி வேலை. இரண்டும் ஒரு மரத்தடியில் உட்காராது.

இரண்டு பக்கமும் போய் வேடிக்கை பார்த்துவந்த அழுங்கு ஒருநாள் சொன்னாள்: "சீட்டைச் சேருங்க. ஆனா காட்டாதீங்க. நெஞ்சோட மூடி வச்சுக்கிட்டு, 'எங்கிட்ட இருக்கு'ன்னு பந்தயம் வைங்க. பார்க்கணும்னு நினைக்கிறவன் அதுக்கு ஈடா வைக்கணும். பயந்தவன் தோத்தேன்னு சீட்டைக் கவுத்துட்டுப் போகலாம். ஆனா கவுத்தவனுக்குக் காட்டவேண்டியதில்ல."

"ரசத்துல பாயசத்தை ஊத்துறா!" என்று குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

"இல்லாததை இருக்குன்னு சொன்னா பொய்யில்லையாக்கா?" என்றது அணில்.

"கொட்டையை மூடிக்கிட்டு நீ வைப்பியே ஒரு மூஞ்சி, அது மட்டும் என்னவாம்?"

அணிலுக்கு வெட்கமாகப் போயிற்று. சரி என்று ஆடிப் பார்த்தார்கள். அப்புறம் விடவே முடியவில்லை. இன்றைக்குப் போக்கர் என்று சீட்டாடுகிறவர்கள் அதெல்லாம் தாங்கள் கண்டுபிடித்தது என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன.

அந்தக் கோடையில் ஒருநாள், ஆட்டத்தின் நடுவே சிறுத்தை வந்தது. குரங்கும் அணிலும் சீட்டைப் போட்டுவிட்டு மரமேறிவிட்டன. அழுங்கால் ஓட முடியவில்லை. வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

சிறுத்தை குனிந்து முகர்ந்தது. "என்னட்டி, இளசா ஒண்ணு வச்சிருக்க போல?"

அழுங்கு சொன்னாள்: "வாங்க அண்ணாச்சி. உக்காந்து ஒரு கை போடுங்க. நான் தோத்தா எங்க ரெண்டு பேரையும் தின்னுங்க, ஓடமாட்டேன். ஜெயிச்சா எங்களை விட்டுரணும்."

சிறுத்தை திகைத்துப் போயிற்று. பிறந்ததிலிருந்து அதை யாரும் எந்த ஆட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. அது வந்தாலே ஆட்டம் கலைந்துவிடும். "நானுமா?" என்று கேட்டுக் காலை மடித்து உட்கார்ந்தது, பாவம். ஆட உட்கார்ந்தவர் ஆட்டத்தின் சொல்லை மீறக்கூடாது என்பது அந்த மலையின் வழக்கம். அழுங்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆளுக்கு ஐந்து இலை. சிறுத்தைக்கு மூன்று ஒரே மாதிரி விழுந்தன. அழுங்குக்கு ஐந்தும் ஐந்து திக்கு.

"எங்கிட்ட இருக்கு. பந்தயத்தை ஏத்துறேன் அண்ணாச்சி" என்றாள் அவள். "தோத்தா, இனி எங்க குலத்துல பிறக்கிற பிள்ளை எல்லாம் உங்களுக்கு. பார்க்கணும்னா நீங்க உங்க பல்லு பூராத்தையும் வைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அணில் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குட்டி விழித்துப் பாலுக்கு முட்டியது. சீட்டையும் பிள்ளையையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்தாள். தலையை உள்ளே இழுத்து, வாலால் மூடி, ஒரே உருண்டையாகச் சுருண்டுவிட்டாள்.

சிறுத்தை சுற்றிச் சுற்றி வந்தது. முகத்தையே காணோம், எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? காலால் மெல்ல உருட்டியது. "இருக்கு அண்ணாச்சி" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. சிறுத்தை தன் பல்லை நாக்கால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. பல்லில்லாத சிறுத்தையை எந்த முயல் மதிக்கும்?

"சரிட்டி, கவுத்துட்டேன்" என்று எழுந்தது. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. "என்னதான் வச்சிருந்த? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"கவுத்தவங்களுக்குக் காட்டுறதில்ல அண்ணாச்சி."

சிறுத்தை போன பிறகும் அவள் சுருளைப் பிரிக்கவில்லை. உள்ளே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். குரங்கும் அணிலும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தன. "உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டோமேக்கா" என்றது அணில். அது பலாப்பாலைக் கொண்டுவந்து அவள் முதுகில் தடவ, குரங்குகள் தங்கள் சீட்டையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டின. தங்களுக்கென்று ஓர் இலைகூட வைத்துக்கொள்ளவில்லை. வெயிலில் பால் காய்ந்து, இலைகள் இறுகி ஓடாகிவிட்டன.

அன்று முதல்தான் அழுங்கு முதுகு நிறையச் சீட்டை அடுக்கிக்கொண்டு திரிகிறாள்; ஆபத்தென்றால் பிள்ளையை நெஞ்சில் வைத்துச் சுருண்டுகொள்கிறாள். சிறுத்தையும் வரும், காலால் உருட்டிப் பார்க்கும், காதை வைத்துக் கேட்கும், போய்விடும். உள்ளே அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று அதற்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.