கனகாம்பர மாப்பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு மாப்பிள்ளை. பேரு செங்கோடன். சத்தியமங்கலம் பக்கம், சுத்தியும் பூந்தோட்டம். காத்துகூட அங்க வாசமாத்தான் வரும். கேக்குறியா? ம்.

அவன் பவளக்கொடின்னு ஒரு பொண்ணப் பாக்கப் போனான். அவ காபியக் குடுத்துட்டு மெதுவாச் சொன்னா, "ஏனுங்க, எனக்கு இளைப்பு இருக்குதுங்க. பூ வாசம் பட்டா மூச்சு முட்டும். மாலை மாத்தறப்ப உங்க கழுத்து மாலை என் கழுத்துக்குத்தான வரும்? மேடையிலயே விழுந்துருவேனோன்னு பயமா இருக்குதுங்க."

"உனக்கு மூச்சு முட்டாத பூவாப் பாத்துக் கட்டிக்கறேன்"னான் செங்கோடன்.

அப்புறம் சைக்கிள்ல ஒரு ரோஜாவ வெச்சுக்கிட்டு, கிர்ர் கிர்ர்னு அவ வீட்டுக்குப் போனான். வாசல்லயே நின்னு நீட்டினான். அவ, "ஹச்!"

மறுநாள் சம்பங்கி. "ஹச்! ஹச்!"

மூணாம் நாள் செவ்வந்தி. அப்போ தும்மலே வரல, கண்ணு. நெஞ்சுக்குள்ள கீ... கீ...ன்னு விசில் சத்தம். செங்கோடன் பூவத் தூர வீசிட்டு ஓடிப்போய்ச் சுடுதண்ணி வாங்கிட்டு வந்தான். மூச்சு திரும்பினதும் அவ அழுதா. "விட்ருங்க. பூவும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்."

சைக்கிள உருட்டிக்கிட்டே திரும்பி வந்தான். வழியில ஒரு தோட்டம், வெயில அரைச்சுப் பூசின மாதிரி. கனகாம்பரம்! குனிஞ்சு மோந்து பாத்தான். ஒண்ணுமே இல்ல. இன்னொரு தடவ மோந்தான். ம்ஹூம். ஒரு கை பறிச்சுக்கிட்டு அவ வீட்டுக்கே ஓடினான். தள்ளி நின்னான். ஒரு அடி வெச்சான். இன்னொரு அடி. அவ பூவக் கையில வாங்கினா. மூக்குகிட்ட கொண்டு போனா.

தும்மலும் வரல, விசிலும் வரல!

ஆனா அவன் அம்மா ராமாத்தா விடல. "அது பொம்பளைங்க தலையில வெக்கற பூவுடா! ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்மா. அவ மூச்சு விடணும்."

அம்மா சேலையத் தூக்கிச் செருகினா. அப்புறம், "வாழைநாரை நனைச்சு எடுத்துட்டு வா"ன்னா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பூராவும் ரெண்டு பேரும் கட்டினாங்க. அது காத்துல பறக்கற பூவு. ஒரு முழத்துக்கே எத்தனையோ பூ வேணும். தண்ணிய ஊத்தினா அழுகிரும், ஊத்தாட்டி வாடிரும். அதனால விரல்ல தொட்டு, சில் சில்லுனு தெளிச்சு, ஈரத்துணி சுத்தி, வாழையிலைக்குள்ள படுக்க வெச்சாங்க. உன்னப் போத்தி விட்ருக்கேன்ல, அதுமாதிரி. ம்?

கல்யாணத்தன்னைக்கு மேளம் டும் டும் டும். செங்கோடன் கழுத்துல ஆரஞ்சு மாலை. பாத்தவங்க குசுகுசுன்னு பேசினாங்க, ஒருத்தர் சிரிச்சே போட்டாரு. அவன் மாலையக் கழட்டி பவளக்கொடி கழுத்துல போட்டான். போட்டுட்டு அவ மூக்கையே பாத்துக்கிட்டு நின்னான். ராமாத்தாளும் அங்கயே பாத்தா.

பவளக்கொடி கண்ண மூடினா. மூச்ச உள்ள இழுத்தா... மெல்ல... நீளமா... அப்புறம் வெளிய விட்டா. சிரிச்சா.

"இன்னொரு தடவ இழு சாமி"ன்னா ராமாத்தா. அவ இழுத்தா. சுகமா வந்துச்சு, சுகமாப் போச்சு.

அவ்வளவுதான் கண்ணு. கதை படுத்துக்கிச்சு, நீயும் படுத்துக்கோ. மூச்சு உள்ள... மூச்சு வெளிய... தூங்கு.