தேறாத ஏழு

“இந்த ஏழு செடியும் தேறாதும்மா,” என்றார் கலியபெருமாள்.

சகாயராணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“யாரு சொன்னா?”

“பாத்தாலே தெரியுதே.”

“அதுக்கும் சேத்துத் தண்ணி ஊத்துங்க சார்.”

ஊற்றினார். முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றினார்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இருந்தது அந்த நர்சரி. நர்சரிக்காரி சகாயராணிக்கு நாற்பத்தொரு வயது. அவளிடம் பாடம் கேட்க வந்த மாணவர் கலியபெருமாளுக்கு எழுபது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

அவர் வீட்டில் ரோஜா நிற்பதில்லை. மலைப்பக்கத்திலிருந்து வரும் ஒட்டுச்செடிகளை வாங்கி நட்டார். வந்த மாதமே தட்டுத் தட்டாகப் பூக்கும். அடுத்த மழைக்குள் புழுக்கத்தில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து வெறும் குச்சியாகிவிடும்.

சகாயராணி வளர்த்தது டீ ரோஜா என்ற பழைய ரகம். இந்த வெக்கையையும் ஈரத்தையும் தாங்கும். ஆனால் மூன்று வருடம் பொறுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார்.

முதல் வாரமே ஒரு சந்தேகம் கேட்டார்.

“சீக்கிரம் பூக்க வைக்க ஏதாவது உரம் இருக்கா?”

ஒரு செடியில் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. சகாயராணி அதைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்து, “மொதல்ல வேரு ஊணட்டும் சார்,” என்றுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

நான்காவது வெள்ளியன்று கூரியர்காரர் வந்து, பவுல்ராஜ் மகள் சகாயராணி யார் என்று கேட்டார். அதுவரை நர்சரிம்மா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்த கலியபெருமாளுக்குக் கையிலிருந்த பூவாளி கனத்தது.

அவர் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று, தேறாது எனத் தோன்றிய பதினொரு பிள்ளைகளுக்கு ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தார். அதில் இவளும் ஒருத்தி. பவுல்ராஜ் கடலுக்குப் போகாமல் வந்து, அவர் அறை வாசலில் கைகட்டி நின்றதுகூட நினைவுக்கு வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார்.

மேடை ஏறினால் ஒரு மணி நேரம் இறங்காத மனிதர். இந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அதைச் சொல்லத்தான் வருவார். வேப்பம் பிண்ணாக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று ஒரு வாரம் நிம்மதிப்படுவார். அப்படி நிம்மதிப்பட்டதற்காகவே அடுத்த வாரம் கூசிப்போவார். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று.

ஏழும் தேறாது என்று அவர் சொன்னதற்கு மறு வாரம், ஒரு ஓட்டல்காரர் செடி பார்க்க வருவதாக இருந்தது. அன்று பார்த்து சகாயராணிக்கு ஒரு துக்கத்துக்குப் போக வேண்டி வந்தது. நர்சரியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

நாற்பது பைகள். முப்பத்துமூன்றில் செடி முழங்கால் உயரம் வந்திருந்தது. ஏழில் ஒரு சாண்தான்.

அவருக்குக் கண்ணை உறுத்தியது. ஏழையும் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டார். மற்றவற்றை நெருக்கி, இடைவெளி தெரியாமல் அடுக்கினார்.

ஓட்டல்காரர் வரிசையைப் பார்த்து அசந்துபோனார். ஒன்றுகூடச் சோடை போகவில்லையே என்றார்.

“நூறு சதவீதம்,” என்றார் கலியபெருமாள்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஆண்டு விழா மேடையில் சொன்ன அதே சொல், அதே குரல், அதே பெருமை.

ஓட்டல்காரர் போனதும் குழியருகே போய் நின்றார். அவள் வருவதற்குள் எடுத்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்று தோன்றியதாலேயே எடுக்கக் கை வரவில்லை. அங்கேயே நின்றார்.

சாயங்காலம் சகாயராணி வந்தாள். வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். எதுவும் கேட்காமல் நேரே குழிக்குப் போனாள். ஒரு பையை எடுத்துக் கத்தியால் கீறி, மண்ணை உதறி, செடியை அவர் கையில் கொடுத்தாள்.

மேலே ஒரு சாண் செடி. கீழே வேர் முழ நீளத்துக்கு, இடம் போதாமல் சுருண்டு கிடந்தது.

அவர் வேரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஒம்பதாங் கிளாஸ்ல உனக்கு டி.சி. குடுத்தது நான்தாம்மா.”

“தெரியும் சார்.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க முத நாள் கேட்டைத் தொறந்துகிட்டு உள்ள வந்தப்பவே.”

அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது அவருக்கு. தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துவிடம்மா என்றார்.

சகாயராணி செடியை வாங்கி, வேரை ஈரச்சாக்கில் சுற்றினாள்.

“நான் ஒரு நெலமைக்கு வந்து உங்க கண்ணுல பட்டுட்டேன். அதனால என்கிட்ட சொல்றீங்க. மத்த பத்துப் பேரு யாரு சார்?”

யோசித்தார். அந்த வருடம் முதல் மூன்று இடம் வந்தவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்தப் பத்தில் ஒரு பெயர் வரவில்லை. ஒரு முகம்கூட வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

சகாயராணி ஒரு காலி வாளியைக் கவிழ்த்து அவர் முன்னால் தள்ளினாள்.

“உக்காருங்க சார். பேனா வெச்சிருக்கீங்கல்ல?”

சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

“எழுதுங்க. எம். இஸ்மாயில்.”