தும்மியது யார்?

செம்பனூர் ஜமீந்தாருக்கு அடுத்தவர் பதறினால்தான் அது வேடிக்கை. திருவிழாக் கூட்டத்தின் நடுவே, தம் யானை வேதவல்லியின் காலடியில் சரவெடியைக் கொளுத்திப் போட்டார். மிரண்டு திரும்பிய யானை இடித்ததில் புதுப்பந்தல் சாய்ந்தது.

"பந்தலைச் சாய்ச்சது உன் யானை இல்லைன்னு காட்டு. இல்லேன்னா மரம் இழுக்க வித்துருவேன்" என்று ஊர்க்காவலன் என்ற தம் பாகனிடம் சொன்னார் ஜமீந்தார்.

ஊரே பார்த்ததை எப்படி இல்லையென்பது? அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் ஊர்க்காவலன். பணிவாகக் கிட்டே போய், மடியிலிருந்த மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஜமீந்தாரின் முகத்துக்கு நேரே ஊதினான்.

அவர் தும்மிய தும்மலில் தலைப்பாகை சேற்றில் போய் விழுந்தது.

"என் தலைப்பாகையையா தள்ளிவிடுறே?"

"நான் தொடவே இல்லைங்களே, எசமான். தும்மினது நீங்கதானே?"

"பொடியை ஊதினது நீதானேடா" என்றவர், திறந்த வாயை மூட மறந்து யானையைப் பார்த்தார். அதன் காலில் வெடிக் காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாகனை அறைய ஓங்கியிருந்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"வேதவல்லியைக் கொட்டிலுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அன்று முழுவதும் அவர் யோசித்துச் செய்த காரியம், அந்தக் கையை இறக்கியது ஒன்றுதான்.