ஜோடி கட்டிய இரண்டு ஓட்டுகள்

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த வழக்கைக் கேட்டுவிட்டுப் போங்கள். நடந்த இடம் தூரம்: அமெரிக்காவின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் குளிர் ஆளைக் கடிக்கும் ஒரு மாநிலம்.

அந்த மாநிலச் சட்டசபையில் ஆர்வில் ஹாகன் இருபத்தெட்டு வருஷம் உறுப்பினர். சபை கூடுவது நாலு மாதம்தான். மீதி நாளில் அவர் டிராக்டர் மெக்கானிக். தலைநகரில் ஒரு சின்ன வீட்டில் அவரும் எதிர்க்கட்சி உறுப்பினர் டெல்மர் கிராஃப்டும் ஒன்றாகத் தங்கினார்கள். பகலில் சபையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டு, சாயங்காலம் ஒரே சட்டியில் உருளைக்கிழங்கு வறுத்துத் தின்பார்கள்.

ஆர்வில் இத்தனை வருஷமும் கேட்டது ஒரே ஒரு பாலம். அவர் தொகுதியில் ஆற்றைத் தாண்டப் படகுதான். பனிக்கட்டி மிதக்க ஆரம்பித்தால் படகு நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்கு எழுபது மைல் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றிலேயே உயிர் போன ஆறு பேரின் பெயர் அவருக்கு மனப்பாடம். டெல்மரோ பாலத்துக்குப் பரம விரோதி. சுற்றுப்பாதை அவர் ஊர்க் கடைவீதி வழியாகப் போகிறது. லாரிக்காரர்கள் நின்று சாப்பிடுவதால்தான் அங்கே பல வீட்டில் அடுப்பெரிகிறது.

"பாலம் கட்டினா அதுக்கு என் பேரை வச்சுடாதே. செத்த பிறகும் என் மேலே ஏறி மிதிப்பே" என்பார் டெல்மர்.

"நீ எங்கே சாகப்போறே? நீ போடுற காப்பியைக் குடிக்கிற நான்தான் முதல்ல போவேன்."

அது ஆர்விலுக்குக் கடைசி வருஷம். மறுபடி நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். பாலம் மசோதா ஓட்டுக்கு வரும் நாளிலேயே டெல்மரின் மனைவி இர்மாவுக்கு இதய ஆபரேஷன் என்று ஆயிற்று. இதற்கு அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வர முடியாதவர் எதிர்ப்பக்கத்து ஒருவருடன் ஜோடி கட்டிக்கொள்ளலாம். அவர் வரமாட்டார், இவர் வந்தாலும் ஓட்டுப் போடமாட்டார். ஒரு பக்கம் ஒன்று குறைந்தால் மறுபக்கமும் ஒன்று குறையும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, வாய்ச்சொல்தான்.

டெல்மர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கேட்க வாய் வராமல் நின்றார். ஆர்வில் முந்திக்கொண்டார். "போய்யா. நான் உன் ஜோடி. இர்மா பக்கத்துல உட்காரு."

தைரியமாகத்தான் சொன்னார். இருவரும் இல்லாமலே நாலு ஓட்டில் மசோதா ஜெயிக்கும் என்பது அவர் நம்பிக்கை. விடிந்ததும் இரண்டு பேர் மனசு மாறி எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள்.

எழுபது பேர் சபை. பெயர் வாசித்து முடிந்தபோது ஆதரவு முப்பத்து நாலு, எதிர்ப்பு முப்பத்து நாலு. சமமானால் மசோதா தோற்கும் என்பது விதி. ஆர்வில் வாயைத் திறந்தால் பாலம்.

ஆர்விலின் கட்சித் தலைவி லொரெயின் ஓடிவந்து குனிந்தாள். "உன் ஜனம் உன்னை ஓட்டுப் போட அனுப்பியிருக்கு, ஊமையா உட்கார இல்லை. சொல்லு, ஆர்வில்!"

"சொல் கொடுத்திருக்கேன்."

அப்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று சபை நடப்பை நேரலையில் கேட்டுக்கொண்டிருந்த டெல்மர்.

"கிழவா, இர்மா கண்ணைத் திறந்துட்டா. உன்னை நான் விடுவிச்சாச்சு. போடு ஓட்டை."

"உன் ஊர்க்காரங்க?"

"அவங்ககிட்ட நான் உதை வாங்கிக்கிறேன். போடுடா."

ஆர்வில் "இர்மாவை நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி, கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். சபாநாயகர் அவர் பெயரை மூன்று தரம் அழைத்துப் பார்த்தார். பதில் இல்லை. சுத்தியல் விழுந்தது. மசோதா தோற்றது.

நீங்களே சொல்லுங்கள். சிநேகிதனை விடுவித்தார் டெல்மர். ஜனங்களைக் காட்டி ஓட்டுக் கேட்டாள் லொரெயின். விடுவித்த பிறகும் வாய் திறக்கவில்லை ஆர்வில். இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: ஆர்வில் பக்கம். அது இரண்டு சிநேகிதர்களின் சொந்தச் சங்கதியாக இருந்தால், டெல்மர் விட்டேன் என்றதும் கொடுத்த சொல் தீர்ந்திருக்கும். லொரெயின் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும். ஆனால் டெல்மர் தூக்கிக் கொடுத்தது தன் ஊரின் ஓட்டை. அவர் அன்று சபையில் இருந்திருந்தால் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து. பாலம் அப்போதும் தோற்றிருக்கும். ஒருவன் மனைவி படுக்கையில் கிடந்ததால் கிடைக்கும் ஜெயத்தை ஆர்வில் தொட மறுத்தார். டெல்மர் செய்தது தப்புத்தான். அன்பு மிஞ்சிப்போய்ச் செய்த தப்பு. ஊர் திரும்பிய ஆர்விலை மளிகைக்கடையில் ஒருத்தி மறித்து, "சிநேகிதனுக்காக எங்களைக் கைவிட்டீங்களா?" என்று கேட்டாளாம். "இல்லைம்மா, அவன் ஊர்க்காரங்களுக்காக" என்றாராம். அவள் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.